வால் நட்சத்திரத்தைப் பிடித்தவளுக்கு

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சாயந்திர ரயிலில் ஏற்றிவிட்டு ஸ்டேஷனிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகத்துக்கு வந்தது. உன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம் பத்திரிகை, மண்டபம், சமையல்காரர் எல்லாம் பேசி முடித்த பிறகு, நான் வாயெல்லாம் பல்லாக வீடியோ விஷயத்தை எடுத்தேன். சென்னையிலிருந்து இரண்டு கேமரா வரும், மண்டபத்துக்குள்ளேயே பெரிய திரை கட்டிக் காட்டுவோம் என்று அளந்துகொண்டே போனேன். நீ சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "என் கல்யாணத்துக்கு வீடியோ வேணாம் நைனா" என்றாய். ஏன் என்று கேட்டேன். "வேணாம், விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாய்.

நீ போன பிறகு நான் வீட்டில் ஆடின ஆட்டம் உனக்குத் தெரியாது. இந்த ஊரில் பாதிப் பேர் கழுத்தில் தாலி ஏறியதைப் பிடித்தவன் நான், என் மகள் கல்யாணத்துக்கு வீடியோ இல்லை என்றால் ஊரே கைகொட்டிச் சிரிக்காதா, படித்த திமிர் இல்லாமல் வேறென்ன என்று கத்தினேன். உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஊர் சிரிச்சா சிரிக்கட்டும், அவ சிரிச்சுகினு மணையில உக்காந்தா போதும்" என்றாள். நான் அங்கே நிற்காமல் மாடிக்குப் போய்விட்டேன். ஏனென்றால் உனக்கு ஏன் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும் பாப்பா. தெரிந்துகொண்டேதான் ஏன் என்று கேட்டேன். இத்தனை வருஷமும் தெரியாத மாதிரியே நடந்துகொண்டேன்.

நேரில் சொல்லலாம் என்றால் எனக்கு வாய் வராது. போனில் சொன்னால் நீ, "சரி நைனா, மாத்திரை போட்டீங்களா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். எழுதினால் நீயும் பேச்சை மாற்ற முடியாது, நானும் நடுவில் எழுந்து ஓட முடியாது. இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடப் போகிறேன். என்னோடு லைட் பிடிக்கிற பாஷா பாய்க்கும் படித்துக் காட்டுவேன். மாப்பிள்ளையிடம் நீ காட்டினாலும் சம்மதம். நாலு பேர் முன்னால் செய்ததை ஒட்டின உறைக்குள் வைத்து உனக்கு மட்டும் சொன்னால், அது மறுபடியும் ஒளிந்துகொள்வதுதான்.

என்னுடைய அந்தப் பழைய கேமராவை நினைவிருக்கிறதா? தோளில் வைத்தால் ஆளையே ஒரு பக்கம் சாய்க்கும் பெரிய கேசட் கேமரா. சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். விற்ற ஆள் அதன் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன மூடியைக் காட்டி, இதுக்குள்ள மட்டும் கை வெக்காத, ஆட்டோல போட்டுட்டு போய்க்கினே இரு, அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும் என்றான். நான் அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மூடியின் மேல், வள்ளி தெய்வானையோடு முருகன் நிற்கும் ஸ்டிக்கரை ஒட்டினேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் மேல் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கடைசியில் அங்கே ஒரு மூடி இருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று. பார்த்தவர்கள் எல்லாம் என் பக்தியை மெச்சினார்கள். பக்தியாவது ஒன்றாவது, பயம். உள்ளே இருந்தது எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பது யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். என் தொழில் என்ன பெரிய தொழில்? அரக்கோணத்திலிருந்து எலெக்ட்ரீஷியன் பாஷா பாய் வந்து லைட்டைத் தூக்கிப் பிடிப்பார், நான் சிவப்புப் பொத்தானை அமுக்குவேன். படம் இருட்டாக இருந்தால், "பாய், இன்னும் கிட்ட வா" என்பேன். இதைத் தவிர எனக்கு வேறு வித்தை கிடையாது. ஆனால் யார் என்ன கேட்டாலும் "எனக்குத் தெரியும்" என்று சொல்வதில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

நீ ஒன்பதாவது படித்த வருஷம், பங்குனி மாசத்தில் அந்த வால் நட்சத்திரம் வந்தது. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் வடமேற்கில் தெரியும். வெறும் கண்ணுக்கே வாலோடு தெரிந்தது. தெருவெல்லாம் ஆளுக்கொரு பேச்சு. நாட்டுக்கு ஆகாது என்றார்கள், அரசன் மாறுவான் என்றார்கள், வாயும் வயிறுமாக இருக்கிற பெண்களை வெளியே வரவேண்டாம் என்றார்கள். நீ ஒருத்திதான் அதைப் பிடித்து வைக்கவேண்டும் என்றாய். "இது போயிடுச்சுன்னா நாம யாரும் இருக்கிற வரைக்கும் திரும்பி வராதாம் நைனா, டீச்சர் சொன்னாங்க" என்று என் பின்னாலேயே சுற்றினாய். சரி என்று ஒரு நாள் கேமராவை மாடிக்குத் தூக்கிப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் கன்னங்கரேலென்று இருந்தது. வால் நட்சத்திரமும் இல்லை, வானமும் இல்லை. நான் யோசித்து, என் அனுபவத்தில் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னேன். "வெளிச்சம் பத்தல. நாளைக்கு பாஷா பாயை லைட்டோட வரச் சொல்றேன்" என்றேன்.

நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "வானத்துக்கா நைனா லைட்டு அடிக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாய். கீழே போய் அம்மாவிடம் சொன்னாய், அவளுக்குப் புரையேறிவிட்டது. மறுநாள் பாஷா பாயிடமும் சொல்லி, அவரும் சிரித்து, "ஏணி எவ்ளோ ஒசரம் வேணும்பா?" என்று என்னைக் கேட்டார். நானும் கூடவே சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது. குழந்தை சிரித்ததைக்கூட மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் திருந்தவில்லை.

அதற்குப் பிறகு நீ செய்த வேலை இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். கேமராவோடு வந்த இங்கிலீஷ் விளக்கப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்து, பள்ளிக்கூட டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாய். முருகன் ஸ்டிக்கரை எடுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாய். நான் முறைத்தேன். அம்மாதான், முருகனை எடுத்து பீரோ மேல ஒட்டிக்கலாம், அவர் கோவிச்சுக்க மாட்டார் என்று தீர்ப்பு சொன்னாள். அந்த மூடிக்குள் ஒரு சின்னச் சக்கரமும் சில பொத்தான்களும் இருந்தன. நீ எனக்கு விளக்கினாய். உன் குரல் இன்னும் காதில் இருக்கிறது. "இது நம்ம கண்ணு மாதிரி நைனா. இருட்டுல கண்ணு பெருசா திறக்கும் இல்ல, அந்த மாதிரி இந்தச் சக்கரத்தால முழுசா திறந்து வெக்கணும். எவ்ளோ நேரம் திறந்திருக்கணும்ங்கிறது இன்னொரு பொத்தான். அதுவும் போதலைன்னா, கெடைச்ச வெளிச்சத்தை கேமராவே கூட்டிக் காட்டுறதுக்கு ஒண்ணு இருக்கு, ஆனா அதை ரொம்ப ஏத்தினா படம் நொய்யரிசி கொட்டினாப்ல ஆயிடும்." நான் ஆங், ஆங் என்று தலையாட்டினேன். ஆட்டோவில் வைத்தால் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, நீயே சொன்னாய். "ஆட்டோக்குக் கல்யாண மண்டபம்தான் தெரியும் நைனா, வானம் தெரியாது. கூடவே பிறை நிலா இருந்துச்சுன்னா அதைப் பாத்துட்டுக் கண்ணை மூடிக்கும். ஃபோகஸும் எங்க நிக்கிறதுன்னு தெரியாம முன்னாலயும் பின்னாலயும் ஓடும். எல்லாத்தையும் நாமதான் கையால வெக்கணும்."

நாலைந்து சாயந்திரம் முயற்சி செய்தாய். சில நாள் தெருவிளக்கு கெடுத்தது, சில நாள் மேகம். ஊரே கரண்ட் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, நீ ஒருத்தி கரண்ட் போகவேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாய். ஒரு நாள் நிஜமாகவே போனது. நீ ஸ்டாண்டில் கேமராவை வைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, எதையும் தொடாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, "நைனா, வாங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாய். குனிந்து பார்த்தேன். கறுப்புக்குள் புள்ளி புள்ளியாக நொய்யரிசி, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதிலிருந்து மேல்நோக்கி மெல்லிசாகச் சீவிவிட்ட மாதிரி வால். என் கேமரா அதுவரைக்கும் பார்த்ததில் அதுதான் அழகு, பாப்பா. என் உடம்பு சிலிர்த்தது. நான் நிமிர்ந்து, "இன்னாமோ பஞ்சு மாதிரி கீது" என்றேன். உன் முகம் விழுந்ததைப் பார்த்தேன். பார்த்தும், "போதும், எறக்கு. காலையில மலைமேல முகூர்த்தம், பேட்டரி சார்ஜ் போடணும்" என்று ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றிவிட்டேன். "இருங்க நைனா, எல்லாத்தையும் திருப்பி வெக்கணும்" என்று நீ கையை நீட்டினாய். "எனக்குத் தெரியும்" என்றேன். மூடியைச் சாத்திப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு கீழே போய்விட்டேன். இதுவரை எங்கேயாவது நீ ஒரு தப்பு செய்திருக்கிறாயா என்று தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் கல்யாணம் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஒருவருடைய மகள் கஸ்தூரிக்கு. மலைமேல் முருகன் கோயிலில் முகூர்த்த நாள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் கல்யாணங்கள், எந்த மேளம் எந்த ஜோடிக்கு என்றே தெரியாது, ஒரு ஜோடி எழுந்திருக்கும் முன்பே அடுத்த ஜோடி மணையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என் பக்கத்துக் கல்யாணத்தைப் பிடிக்க அரக்கோணத்துக்காரன் ஒருவன் புதுக் கேமராவோடு வந்து, என் பழசை மேலும் கீழும் பார்த்துவிட்டு நின்றான். பாஷா பாய் லைட்டைப் போட்டார். கண்ணாடிக்குள் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. கஸ்தூரிக்கு மூக்கு இல்லை, கண் இல்லை, வெள்ளைத் துணிக்கு மாலை போட்டு உட்கார வைத்த மாதிரி இருந்தது. என்ன நடந்தது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மூடிக்குள் எல்லாம் நீ வானத்துக்கு வைத்தபடியே இருந்தது. அதை மாற்ற எனக்குத் தெரியாது. மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் அரக்கோணத்துக்காரன் கவனிப்பான், கல்யாண வீட்டார் என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

அப்போதுதான் நீ வந்தாய். பஸ் கிடைக்காமல் சரவணப் பொய்கைப் பக்கத்துப் படியிலேயே ஓடி ஏறி வந்திருக்கிறாய். தலைகூட வாரவில்லை, மூச்சு இரைத்தது. பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நைனா, ராத்திரி வெச்சபடியே கீது. மூடியைத் திறந்து சக்கரத்தை..." என்று ஆரம்பித்தாய். எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்பது உன் வாயில் இருந்தது. இன்னும் ஒரு வார்த்தை, நான் சும்மா நின்றிருந்தால் போதும். "எனக்குத் தெரியும், போ" என்றேன். "இல்ல நைனா, எல்லாம் வெள்ளையா வரும்" என்றாய். பாஷா பாய் லைட்டைத் தாழ்த்தி, "கொயந்த இன்னாவோ சொல்லுது, கேளுப்பா" என்றார். அரக்கோணத்துக்காரன் திரும்பிப் பார்த்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "கல்யாண வீட்டுல வந்து மானத்தை வாங்காத. போடி" என்றேன்.

நீ போய்விட்டாய். நான் யாருக்கும் தெரியாமல் மூடியை நெம்பிக் கட்டைவிரலைச் சக்கரத்தின் மேல் வைத்தேன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தப்பாகத் திருப்பினால் தெரிகிற கொஞ்சமும் போய்விடும் என்று விரல் அப்படியே நின்றது. கெட்டிமேளம் கொட்டினார்கள், தாலி ஏறியது, அட்சதை என் தலையிலும் விழுந்தது. முகூர்த்தம் முடிகிறவரை விரலை வைத்தபடியே வெள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலைந்து நாள் கழித்து அவர்கள் கேசட் வாங்க, வீட்டு முன்னால் இருந்த நம் கடைக்கு வந்தார்கள். கஸ்தூரி, மாப்பிள்ளை, அவளுடைய அப்பா. கடை டிவியில் போட்டுக் காட்டினேன். அந்தப் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பால்ல முக்கி எடுத்தாப்ல கீதே" என்று மெதுவாகத்தான் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்த மெதுவான குரலுக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. உள்ளே படித்துக்கொண்டிருந்த உன்னைக் கூப்பிட்டேன். "இவதாங்க. வானத்தைப் புடிக்கிறேன்னு ராத்திரி கேமராவை நோண்டி வெச்சிட்டா" என்றேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உன் பக்கம் திரும்பி, "நோண்டினவ, காலையில வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். வந்து சொன்னவளைப் பார்த்துக் கேட்டேன், பாப்பா. நாக்கு அழுகியிருக்க வேண்டும்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவர்களைப் பார்த்தாய். "மறந்துட்டேன் நைனா" என்றாய். அவர்கள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டாய். பெரியவர் பதறிப்போய், சின்னப் பொண்ணுதானே, விடுங்க, விடுங்க என்றார். நான் பெருந்தன்மையாக முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மகள் செய்த தப்புக்குத் தகப்பன் பொறுப்பேற்றுக்கொண்டான் என்று தெருவில் எனக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் நடமாடியிருக்கிறேன். சோறு எப்படி இறங்கிற்று என்று கேட்டால், தாராளமாக இறங்கிற்று. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வால் நட்சத்திரம் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் இருந்தது. கடையைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்று நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. சன்னலைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாய். நீ பிடித்த கேசட்டை நீ கேட்கவில்லை, நானும் தரவில்லை. அதன் மேல் யாருடைய காதுகுத்தையோ பதிந்துவிட்டேன். மூடியின் மேல் புதிதாக ஒரு முருகனை ஒட்டினேன். பத்தாவது முடித்து நீ சயின்ஸ் குரூப் கேட்டபோது, உன் மாமா குடும்பமே கூடத்தில் உட்கார்ந்திருக்க, "கேமராவையே ஒழுங்கா வெக்கத் தெரியல, இதுல பிசிக்ஸ் வேறயா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சரி என்று காமர்ஸ் எடுத்தாய். இன்றைக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறாய், நன்றாகத்தான் பார்க்கிறாய், நல்ல மாப்பிள்ளையும் அமைந்திருக்கிறார். அதனால் எல்லாம் நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உன்னைக் காமர்ஸுக்கு அனுப்பியது உன் நன்மைக்கு அல்ல. நீ அந்த மூடியைப் பற்றி இன்னும் அதிகமாகத் தெரிந்துகொள்வாயே என்ற பயத்தில்.

இந்த வாரம் பாஷா பாயிடம் போய், பாப்பா வீடியோ வேண்டாம் என்கிறாள், எனக்கு ஏனென்று தெரியும் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "என்கிட்ட ஏன்பா சொல்ற? நான்தான் பக்கத்துலயே நின்னேனே. அம்மையார்குப்பம் போய்ச் சொல்லு" என்றார். போனேன். கஸ்தூரி தன் அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டதால் அதே தெருவில்தான் இருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு இப்போது விசைத்தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. வீட்டுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, அன்னிக்குத் தப்பு பண்ணது நான்தாங்க என்றேன். "ஆங்? இன்னா?" என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "ஆருக்குத் தப்பு?" என்றார். கடைசியில் நான் எழுந்து நின்று, "கேமராவை சரியா வெக்காதது நான்தாங்க, எம் பொண்ணு இல்லீங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். எதிர்வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான்.

கஸ்தூரி உள்ளேயிருந்து வந்து தறியை நிறுத்தினாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அந்தக் கேசட்டைத் தூக்கிப் போடவில்லையாம், சிடியில் மாற்றி வைத்திருக்கிறார்களாம். அவள் பையன் அதைப் பார்த்துவிட்டு, அம்மா, நீ மேகத்துக்குள்ள கல்யாணம் பண்ணிகினியா என்று கேட்பானாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு அன்னிக்கே தெரியுங்கண்ணா. உங்க பொண்ணு ஓடியாந்து உங்க சட்டையைப் புடிச்சு இழுத்ததை நான் மணையில உக்காந்துகினே பார்த்தேன்" என்றாள்.

பிறகு ஏன் அன்று கடையில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்க பொண்ணுதான் என்னைப் பார்த்து, வேணாம்னு தலையை ஆட்டுச்சு" என்றாள்.

பாப்பா, திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். உனக்கு அப்போது பாவாடை சட்டை போடுகிற வயசு. அந்த வயசில் நீ எனக்குத் தகப்பனாக இருந்திருக்கிறாய். நான் என் மானம் போகக்கூடாது என்று உன் மேல் பழியைப் போட்டேன். நீயும் என் மானம் போகக்கூடாது என்றுதான் அதைச் சுமந்தாய். நாம் இரண்டு பேருமே என் மானத்தைத்தான் பார்த்திருக்கிறோம், உன்னைப் பார்க்க அந்தக் கடைக்குள் ஆளே இல்லாமல் போயிற்று. ஐம்பத்தைந்து தாண்டியவன் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். கண்டக்டர் டிக்கெட்கூடக் கேட்காமல் தள்ளிப் போய்விட்டு, ஆர்.கே.பேட்டை தாண்டித்தான் வந்து கேட்டார்.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டுமாம். எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது? ஆனாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இனிமேல் யாருடைய மானத்தைக் காப்பாற்றவும் "மறந்துட்டேன்" என்று சொல்லாதே. மாப்பிள்ளையானாலும் சரி, மாமியாரானாலும் சரி, நாளைக்கு நானே மறுபடி வந்து நின்றாலும் சரி, வந்து சொன்னேன், நீங்கதான் கேக்கல என்று முகத்துக்கு நேரே சொல். கொஞ்ச நேரம் வீடு கசக்கும். கசந்தால் கசக்கட்டும். அன்று அந்தக் கசப்பை நான் தாங்கியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. இன்னொன்று, மாப்பிள்ளை ஏதாவது உன்னிடம் தெரியாது என்று சொல்லிக் கேட்டால், சிரிக்காமல் சொல்லிக் கொடு என்று எழுத நினைத்தேன். வேண்டாம். நீ சிரி. சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடு. அன்றைக்கு மாடியில் உன் சிரிப்பில் ஒரு தப்பும் இல்லை.

வீடியோ வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். யார் ஏன் என்று கேட்டாலும், என் பொண்ணுக்குப் பிடிக்கல என்று மட்டும் சொல்கிறேன். கல்யாணத்தன்று என் தோளில் துண்டைத் தவிர ஒன்றும் இருக்காது. எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவேன், பொறுத்துக்கொள். நீ மன்னிக்கவேண்டும் என்று கேட்கமாட்டேன். அன்று உன்னைக் கும்பிட வைத்தவன் நான். இன்று நான் கும்பிட்டால் நீ பதறி, விடுங்க நைனா என்பாய். அப்படி நீ மறுபடியும் என்னைக் காப்பாற்றும்படி ஆகிவிடும்.

அதனால் வேறு ஒன்று கேட்கிறேன். நேற்றுப் பரணிலிருந்து அந்தப் பழைய கேமராவை இறக்கினேன். பேட்டரி செத்துப் போயிருந்தது, பாஷா பாய் கீழேயிருந்து மாடிவரைக்கும் ஒயர் இழுத்துக் கொடுத்தார். மூடியின் மேலிருந்த சந்தனம் கல்லாகிவிட்டது. தண்ணீர் தொட்டுத் தொட்டுச் சுரண்டி, முருகனைப் பத்திரமாக உரித்து பீரோவில் பழையவருக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். பொழுது சாய்ந்ததும் மேற்கே வெள்ளி பெரிசாகத் தெரிந்தது. அதைக் கேமராவில் பார்த்தேன். ஒரு நேரம் பொட்டாக இருக்கிறது, ஒரு நேரம் தட்டாக ஊதிப்போகிறது, பக்கத்தில் வேறு நட்சத்திரம் ஒன்றும் வரவில்லை. பாஷா பாய் கீழேயிருந்து லைட் வேண்டுமா என்று கேட்டுச் சிரிக்கிறார். மூடி திறந்திருக்கிறது. கட்டைவிரலைச் சக்கரத்தின் மேல் வைத்தேன். அன்றைக்கு நின்ற மாதிரியே நிற்கிறது.

சனிக்கிழமை நீ வரும்போது மாப்பிள்ளையும் வருகிறார் என்று அம்மா சொன்னாள். பாஷா பாயையும் இருக்கச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் மாடியில் இருக்கும்போது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, நான் உன்னிடம் கேட்பேன். அதை இப்போதே எழுதிவிடுகிறேன், அப்புறம் நான் பின்வாங்க முடியாது.

எனக்குத் தெரியல பாப்பா. எந்தப் பக்கம் திருப்பணும்?

உன் நைனா